நிதியாண்டின் நடுவே சம்பள மென்பொருளை மாற்றினால்: டிடிஎஸ் பிடித்தத்தைச் சரிபார்த்துத் திருத்தும் முறை

கணக்கு மென்பொருளை மாற்றும் நிறுவனங்கள் எல்லாம் ஏப்ரல் 1 வரை காத்திருப்பதில்லை. பழைய மென்பொருளின் உரிமம் ஆண்டின் நடுவே முடிகிறது, அல்லது ஆட்கள் பெருகியதால் எக்செல் பட்டியலும் டேலியும் போதாமல் போகின்றன, அல்லது ஆடிட்டர் வேறொன்றைப் பரிந்துரைக்கிறார். அக்டோபரில் புதிய மென்பொருள் வந்துவிடுகிறது. பேரேடுகளும் வாடிக்கையாளர் பாக்கிகளும் வங்கி இருப்பும் பைசா பிசகாமல் வந்து சேர்ந்ததைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். முதல் மாதச் சம்பளம் போட்ட பிறகுதான், ஒருவருக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) இருமடங்காகப் பிடிக்கப்பட்டிருப்பதும் இன்னொருவருக்கு ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படாமல் இருப்பதும் தெரிய வருகிறது.

ஆடிட்டர் அலுவலகத்தை அன்றாடம் அணுக முடியாத சிறிய, நடுத்தர நிறுவனங்களில் சம்பளக் கணக்கைப் பார்ப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதிலுள்ள வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் அந்த எண்கள் மாறுகின்றன. ஆனால் ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டுச் சராசரி விகிதத்தில் வரி பிடிக்கும் அடிப்படை மாறவில்லை. ஆகவே இங்கே சொல்லப்படும் சரிபார்ப்பு முறை அதன் பிறகும் பொருந்தும்.

கணக்கு எங்கே அறுபடுகிறது

ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ பணம் கொடுக்கும்போது பிடிக்கும் வரி, அந்தந்தத் தொகையின் மீது ஒரு குறிப்பிட்ட சதவீதம் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. சம்பளம் அப்படியன்று. பிரிவு 192இன்படி, ஏப்ரல் முதல் மார்ச் வரை ஊழியருக்கு வரக்கூடிய மொத்தச் சம்பளத்தை முதலாளி ஒவ்வொரு மாதமும் மதிப்பிட வேண்டும். அதற்குரிய ஆண்டு வரியைக் கணக்கிட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, மீதியை எஞ்சிய மாதங்களுக்குப் பகிர்ந்து பிடிக்க வேண்டும். ஆகவே அக்டோபர் மாதப் பிடித்தத்தைச் சரியாகக் கணக்கிட, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த ஊழியருக்குக் கொடுத்த சம்பளம் எவ்வளவு, பிடித்த வரி எவ்வளவு என்ற இரண்டும் மென்பொருளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மென்பொருளை மாற்றும்போது பெரும்பாலும் பேரேட்டு இருப்புகளே புதிய இடத்துக்கு வருகின்றன. சம்பளச் செலவுப் பேரேட்டில் ஆறு மாதத்தின் மொத்தத் தொகை இருக்கும். அதில் யாருக்கு எவ்வளவு என்பது இருக்காது. செலுத்த வேண்டிய டிடிஎஸ் பேரேட்டிலோ, கடைசி மாதம் பிடித்து இன்னும் கட்டாத தொகை மட்டுமே இருப்பாக நிற்கும். இருப்புநிலைக் குறிப்புக்கு அது போதும். வரிப் பிடித்தத்துக்குப் போதாது. இருப்புகள் ஒத்துப்போகின்றன என்பதை வைத்துச் சம்பளக் கணக்கும் சரியாக வந்துவிட்டது என்று முடிவுசெய்வதுதான் இந்தச் சிக்கலின் வேர்.

ஒரே ஊழியர், நான்கு தவறான விடைகள்

எந்தத் தகவல் விடுபட்டிருக்கிறது என்பதைப் பிடித்தத்தின் அளவே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மாதம் 1,50,000 ரூபாய் சம்பளம் வாங்கும், புதிய வரிமுறையில் உள்ள ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 18,00,000. நிலையான கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 17,25,000. முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதமாக 20,000, அதற்கடுத்த நான்கு லட்சத்துக்கு 10 சதவீதமாக 40,000, அதற்கும் அடுத்த நான்கு லட்சத்துக்கு 15 சதவீதமாக 60,000, மீதமுள்ள 1,25,000க்கு 20 சதவீதமாக 25,000. மொத்தம் 1,45,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 5,800 சேர்த்தால் ஆண்டு வரி 1,50,800. மாதத்துக்கு ஏறத்தாழ 12,567 ரூபாய். செப்டம்பர் முடிய பழைய மென்பொருள் 75,400 ரூபாய் பிடித்திருக்கும். மீதி 75,400 ரூபாயை அக்டோபர் முதல் மார்ச் வரை பிடிக்க வேண்டும்.

சம்பளம், வரி ஆகிய இரண்டின் பழைய விவரங்களுமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில்தான் சம்பளம் தொடங்குகிறது என்று புதிய மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதச் சம்பளம் 9,00,000. நிலையான கழிவு போக 8,25,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் பிரிவு 87ஏ தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம் ஆகிவிடும். ஆக, மாதம் 12,567 ரூபாய் பிடித்து வந்தவருக்கு அக்டோபர் முதல் ஒன்றுமே பிடிக்கப்படாது.

சம்பள விவரம் வந்து, பிடித்த வரியின் விவரம் வராமல் போனால், 1,50,800 ரூபாய் முழுவதையும் ஆறு மாதங்களில் பிடிக்க மென்பொருள் முயலும். மாதப் பிடித்தம் 25,133 ஆகும். சரியாக இருமடங்காகப் பிடிக்கப்பட்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பிடித்த வரி வந்து, சம்பளம் வராமல் போனால், ஆண்டு வரி பூஜ்யம், பிடித்தது 75,400 என்ற நிலை உண்டாகும். மென்பொருளின் அமைப்பைப் பொறுத்து, பிடித்தம் பூஜ்யமாக நிற்கலாம், அல்லது எதிர்மறைத் தொகையாகி ஊழியரின் கைச்சம்பளத்தோடு கூட்டப்படவும் கூடும். சம்பளச் சீட்டில் வரிக்கு முன்னால் கழித்தல் குறி தெரிந்தால் அந்தச் சம்பளத்தை வங்கிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.

நான்காவது வகை, இரட்டைக் கணக்கு. பழைய ஆறு மாத விவரம் தொடக்க இருப்பாக ஏற்றப்பட்டிருக்கும்; ஆனால் ஊழியரின் சம்பளத் தொடக்க நாள் ஏப்ரல் 1 என்றே இருப்பதால், மென்பொருள் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைத் தானாகவும் மதிப்பிட்டுவிடும். ஆண்டுச் சம்பளம் 27,00,000 ஆகும்; வரி 3,82,200 ஆகும்; பிடித்தது போக மாதம் 51,133 ரூபாய் கழிக்கப்படும். இதே போன்ற வீக்கம் இன்னொரு வழியிலும் வரும்: செப்டம்பரில் ஒரு முறை மட்டும் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை மாதாந்தர இனமாகப் பதிவாகிவிட்டால், அடுத்த ஆறு மாதங்களுக்கும் சேர்த்து ஆறு லட்சம் ரூபாயை மென்பொருள் கற்பனையாகக் கூட்டிக்கொள்ளும்.

இந்த நான்கில் மிக ஆபத்தானது முதலாவது என்பது என் உறுதியான கருத்து. வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டவர் அன்றைக்கே வந்து கேட்டுவிடுவார். வரி நின்றுபோனவர், இந்த ஆண்டு வரிச் சலுகை கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் கணக்கைப் போடுவது அவருடைய வேலை அன்று. மார்ச் மாதத்தில் மொத்தத்தையும் ஒரே தவணையில் பிடிக்கும் நிலை வந்தால், அவருடைய வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அந்த மாதம் நின்றுபோகும். ஆகவே யார் புகார் சொல்கிறார்கள் என்று காத்திருக்காமல், பிடித்தம் குறைந்தவர்களின் பட்டியலை நாமாகவே முதலில் எடுக்க வேண்டும். செப்டம்பர் பிடித்தத்தையும் அக்டோபர் பிடித்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சம்பளம் மாறாத நிலையில் வரி மட்டும் மாறியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆள்வாரிப் பட்டியல்

திருத்தத்தின் முதல் படி, மென்பொருளுக்கு வெளியே எக்செலில் ஆள்வாரியாக ஒரு பட்டியல் தயாரிப்பது. ஒவ்வொரு ஊழியருக்கும் பான் எண், பணியில் சேர்ந்த நாள், தெரிவுசெய்த வரிமுறை, ஏப்ரல் முதல் மாற்றத் தேதி வரை கொடுத்த அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, இதர படிகள், ஊக்கத்தொகை, வரிக்குரிய சலுகைகளின் மதிப்பு, பிடித்த வருங்கால வைப்பு நிதி, பிடித்த தொழில் வரி, பிடித்த டிடிஎஸ் ஆகியவை தனித்தனிப் பத்திகளில் வர வேண்டும். ஆண்டின் நடுவே சேர்ந்தவர் படிவம் 12பி வழியாகக் கொடுத்த முந்தைய நிறுவனத்தின் சம்பளமும் அங்கே பிடித்த வரியும் தனிப் பத்தியில் இருக்கட்டும். இந்த இரண்டையும் நம் நிறுவனம் கொடுத்த சம்பளத்தோடும் பிடித்த வரியோடும் கலந்துவிட்டால், பின்னர் சம்பள டிடிஎஸ்-க்கான காலாண்டு அறிக்கையான 24க்யூவில் நாம் கட்டாத வரியை நாம் கட்டியதாகக் காட்ட நேரிடும்.

ஏப்ரலுக்கும் மாற்றத் தேதிக்கும் இடையில் வேலையை விட்டுப் போனவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது மிக அவசியம். தற்போது பணியில் இருப்பவர்களை மட்டுமே புதிய மென்பொருளுக்கு மாற்றுவது வழக்கம். ஆனால் நான்காம் காலாண்டு அறிக்கையின் இரண்டாம் இணைப்பில், அந்த ஆண்டில் சம்பளம் பெற்ற அனைவருடைய முழு விவரமும் கேட்கப்படுகிறது. பல மாதங்களுக்கு முன் போனவரின் விவரத்தை மே மாதத்தில் தேடும்போது பழைய மென்பொருள் திறக்காது.

பட்டியல் முடிந்ததும் அதை மூன்று இடங்களோடு ஒப்பிட வேண்டும். முதலாவது, டிடிஎஸ் பத்தியின் கூட்டுத்தொகை, ஏப்ரல் முதல் சம்பள வரிக்கான 92பி குறியீட்டில் கட்டிய செலான்களின் வரித் தொகையும் இன்னும் கட்ட வேண்டிய இருப்பும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். செலானில் வட்டியோ தாமதக் கட்டணமோ சேர்ந்திருந்தால் அதை விலக்கிவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, முதல் காலாண்டின் 24க்யூ அறிக்கை ஏற்கெனவே தாக்கலாகியிருக்கும். அதிலுள்ள ஆள்வாரித் தொகைகளும் நம் பட்டியலின் ஏப்ரல், மே, ஜூன் மாதத் தொகைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, சம்பளப் பத்திகளின் கூட்டுத்தொகை சம்பளச் செலவுப் பேரேட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வேறுபாடு எதனால் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது ஒப்பீட்டில் அடிக்கடி வரும் வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. சம்பளம் எந்த மாதத்துக்கு உரியது என்பது வேறு, எந்த மாதத்தில் கொடுக்கப்பட்டது என்பது வேறு. சம்பளத்தின் மீதான டிடிஎஸ், பணம் கொடுக்கப்படும்போது பிடிக்கப்பட வேண்டியது. செப்டம்பர் சம்பளத்தை அக்டோபர் 5ஆம் தேதி கொடுக்கும் நிறுவனத்தில் அந்தப் பிடித்தம் அக்டோபரைச் சேர்ந்தது. பழைய மென்பொருள் கொடுத்த தேதியையும் புதிய மென்பொருள் சம்பள மாதத்தையும் அடிப்படையாக வைத்திருந்தால், செப்டம்பர் சம்பளம் இரண்டு இடங்களிலும் வரும், அல்லது ஓரிடத்திலும் வராமல் போகும். அந்த ஒரு மாதம் தொடக்க இருப்பில் இருக்கிறதா, புதிய மென்பொருளின் முதல் சம்பள ஓட்டத்தில் இருக்கிறதா என்பதை முதலிலேயே தீர்மானித்து, ஓரிடத்தில் மட்டும் வையுங்கள்.

ஊழியர் விவரங்களை ஏற்றும்போது நேரும் பிழைகளும் வரியைப் பாதிக்கும். பான் எண் விடுபட்டாலோ தவறாக இருந்தாலோ பிரிவு 206ஏஏ-வின்படி 20 சதவீதம் அல்லது சராசரி விகிதம், இவற்றில் எது அதிகமோ அதன்படி பிடிக்க வேண்டும் என்பதால், மென்பொருளும் அப்படியே பிடித்துவிடும். தனிநபரின் பான் எண்ணில் நான்காவது எழுத்து 'பி' ஆக இருக்கும். அதை வைத்தே பட்டியலை ஒரு முறை வடிகட்டிப் பார்க்கலாம். வருங்கால வைப்பு நிதி உறுப்பினரின் பன்னிரண்டு இலக்க யுஏஎன் எண்ணை எக்செல் சுருக்கக் குறியீடாக மாற்றிவிடும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் அழிந்தே போகும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னாலுள்ள பூஜ்யங்களும் இப்படித்தான் தொலைகின்றன. எண் பத்திகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகே தரவை ஒட்ட வேண்டும்.

வரிமுறைத் தெரிவைத் தனியாகக் கவனியுங்கள். ஊழியர் எதையும் தெரிவிக்காவிட்டால் புதிய வரிமுறைப்படியே பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. மென்பொருள்களும் அந்தப் பத்தி காலியாக இருந்தால் புதிய வரிமுறையையே எடுத்துக்கொள்கின்றன. ஏப்ரலிலேயே பழைய வரிமுறையைக் கேட்டு, படிவம் 12பிபி-யில் வாடகையும் 80சி முதலீடுகளும் எழுதிக்கொடுத்தவர், தரவு மாற்றத்தில் அந்த ஒரு பத்தி விடுபட்டதால் புதிய வரிமுறைக்குள் போய்விடுவார். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு வேலை பார்க்கும் ஊரையும் சரிபாருங்கள்: வீட்டு வாடகைப் படி விலக்குக்குச் சென்னையில் சம்பளத்தின் 50 சதவீதமும், கோயம்புத்தூர், மதுரை போன்ற ஊர்களில் 40 சதவீதமும் உச்ச வரம்பு. தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பதால் எல்லோருக்கும் சென்னை என்றே பதிவாகியிருப்பது வழக்கமான பிழை. புதிய வரிமுறையில் இருப்பவருக்குத் தொழில் வரியைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. அதையும் ஒரு சம்பளச் சீட்டில் சோதித்துவிடுங்கள்.

திருத்தும்போது

பிழை தெரிந்ததும், அந்த மாதப் பிடித்தத்தைக் கையால் மாற்றி எழுதிச் சம்பளத்தை அனுப்பிவிடத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். கையால் எழுதிய தொகை அந்த மாதத்தைச் சரியாகக் காட்டும். மூலத்தில் உள்ள பிழையை மறைத்துவிடும். பிறகு ஊக்கத்தொகை கொடுத்தாலும் சம்பளம் உயர்ந்தாலும் அந்தத் தொகை அப்படியே நிற்கும், மார்ச் மாதத்தில் மொத்த வேறுபாடும் ஒன்றாக வெளிவரும். தொடக்க இருப்பு ஏற்றும் இடத்தில் பட்டியலின் தொகைகளை ஆள்வாரியாக ஏற்றி, வரியை மறுபடி கணக்கிடச் சொல்வதே சரியான வழி. அந்த இடம் பூட்டப்பட்டிருந்தால், மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுத் திறக்கச் செய்யுங்கள்.

மறுகணக்கீட்டுக்குப் பிறகு, வெவ்வேறு வகையைச் சேர்ந்த சிலரை எடுத்துக் கையால் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். புதிய வரிமுறையில் ஒருவர், பழைய வரிமுறையில் ஒருவர், ஆண்டின் நடுவே சேர்ந்தவர் ஒருவர், ஊக்கத்தொகை வாங்கியவர் ஒருவர் இருக்கட்டும். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைச் சற்றே தாண்டுபவர் ஒருவரையும் சேருங்கள். ஆண்டுச் சம்பளம் 12,75,000 ஆனால் வரி பூஜ்யம். அதுவே 12,85,000 ஆனால் வரிக்குரிய வருமானம் 12,10,000. வரி அட்டவணைப்படி 61,500 வரும், ஆனால் வரம்பைத் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி போகக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருப்பதால் செஸ் சேர்த்து 10,400 மட்டுமே வர வேண்டும். இந்த விடை வராவிட்டால், தொடக்க இருப்பில் அன்றி வரி அமைப்பிலேயே குறை இருக்கிறது.

குறைவாகப் பிடிக்கப்பட்ட தொகையை எஞ்சிய மாதங்களில் கூட்டிப் பிடிக்கவும், அதிகமாகப் பிடிக்கப்பட்டதைக் குறைத்துச் சரிக்கட்டவும் பிரிவு 192(3) அதே நிதியாண்டுக்குள் இடம் தருகிறது. மேலே சொன்ன ஊழியருக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் பிடிக்காமல் விட்டு ஜனவரியில் கண்டுபிடித்தால், மீதி 75,400 ரூபாயை மூன்று மாதங்களில் மாதம் 25,133 வீதம் பிடிக்க வேண்டும். நவம்பரிலேயே கண்டுபிடித்தால் ஐந்து மாதங்களுக்குப் பகிர்ந்து 15,080 போதும். நாள் கடத்துவதன் முழுச் சுமையும் ஊழியரின் தலையில் விழுகிறது என்பதால், வேகம் இங்கே முக்கியம். பிடித்தத்தைக் கூட்டும் முன் அவருக்கு ஒரு பக்கக் கணக்கோடு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்: ஆண்டு வரி எவ்வளவு, செப்டம்பர் வரை பிடித்தது எவ்வளவு, எந்தெந்த மாதம் ஏன் விடுபட்டது, இனி மாதம் எவ்வளவு. மென்பொருள் மாற்றத்தில் நிறுவனத்தின் பக்கம் நேர்ந்த பிழை என்பதை அந்தக் கடிதம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அதிகமாகப் பிடித்த தொகையை இன்னும் அரசுக்குக் கட்டாமல் இருந்தால், அந்த மாதச் சம்பளத்தைத் திருத்தி வேறுபாட்டை ஊழியருக்கே கொடுத்துவிடலாம். கட்டிய பிறகு தெரிந்தால், அடுத்த மாதங்களின் பிடித்தத்தைக் குறைக்க வேண்டும். மார்ச் வரை குறைத்தும் தீராத தொகை இருந்தால், அதை ஊழியர் தம் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

செலானும் 24க்யூ அறிக்கையும்

பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். அக்டோபர் 1இல் மாறும் நிறுவனத்துக்குச் செப்டம்பர் வரியின் கடைசி நாள் புதிய மென்பொருளின் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. புதிய திரையில் அந்தத் தொகை தெரியாததால் கட்டாமல் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். பிடித்த பின் கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி; மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஆகவே மாற்ற வாரத்தில், பழைய மென்பொருளின் கடைசி மாதச் சம்பளப் பட்டியலைப் பார்த்து நேரடியாக வருமான வரித் தளத்தில் செலானைக் கட்டிவிடுவது நல்லது.

பழைய கணக்கில் சம்பளம், ஒப்பந்தம், தொழில்முறைக் கட்டணம் எல்லாவற்றுக்குமான டிடிஎஸ் ஒரே பேரேட்டில் கிடந்திருந்தால், மாற்றத்தின்போது அதைப் பிரித்து ஏற்றுங்கள். சம்பள வரி 24க்யூ அறிக்கைக்கும் மற்றவை 26க்யூ அறிக்கைக்கும் போகின்றன; கலந்த இருப்பிலிருந்து செலான் கட்டினால் குறியீடு மாறிப்போகும்.

அக்டோபர் 7ஆம் தேதி கட்டிய செலான் எந்தக் காலாண்டுக்கு உரியது என்பதில் குழப்பம் வரும். வரி எப்போது பிடிக்கப்பட்டது என்பதே கணக்கு. செப்டம்பரில் பிடித்திருந்தால் அது ஜூலை–செப்டம்பர் காலாண்டு அறிக்கையில் வர வேண்டும், அந்த அறிக்கைக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. இந்த அறிக்கையைப் பழைய மென்பொருளின் தரவிலிருந்தே தயாரிப்பதுதான் பாதுகாப்பானது. புதிய மென்பொருள் கோப்பு உருவாக்காவிட்டால், புரோட்டீன் (Protean) நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், அறிக்கை தயாரிக்கும் ஆர்பியூ கருவியில் பதிவுசெய்து, தாக்கலுக்குரிய எஃப்வியூ கோப்பாக மாற்றலாம். அறிக்கை தாமதமானால் பிரிவு 234ஈ-யின்படி நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் உண்டு.

தொழில் வரி, இஎஸ்ஐ, வருங்கால வைப்பு நிதி

தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டு வரி. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற இரண்டு அரையாண்டுகளின் வருமானத்தை வைத்து உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கிறது. ஓர் அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். மகாராஷ்டிராவில் இது மாதாந்தரப் பிடித்தம். புதிய மென்பொருளில் மாநிலம் தவறாக இருந்தால் மாதம் 200 ரூபாய் கழிய ஆரம்பித்துவிடும். அரையாண்டின் நடுவே, ஜூலையிலோ டிசம்பரிலோ மாற்றினால், அந்த அரையாண்டில் ஏற்கெனவே கொடுத்த சம்பளத்தையும் மென்பொருள் அறிந்திருக்க வேண்டும்.

தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ-யில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊதிய வரம்பு 21,000 ரூபாய். ஆனால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தின் நடுவே ஊதியம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை ஊழியர் திட்டத்திலேயே தொடர்வார். ஜூனில் 20,000லிருந்து 22,500 ஆக உயர்ந்தவருக்குச் செப்டம்பர் 30 வரை முழு 22,500 ரூபாய்க்கும் ஊழியர் பங்கு 0.75 சதவீதமும் நிறுவனப் பங்கு 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். ஜூலையில் வந்த புதிய மென்பொருளுக்கு ஏப்ரலில் அவர் உறுப்பினராக இருந்தது தெரியாததால், 22,500ஐப் பார்த்ததும் அவரை விலக்கிவிடும். மருத்துவமனைப் படியேறும் நாளில்தான் அந்தக் குடும்பத்துக்கு இது தெரியவரும் என்பதால், வரம்பைத் தாண்டியவர்களின் பெயர்களைத் தனியே எடுத்துச் சரிபாருங்கள்.

வருங்கால வைப்பு நிதியில் பார்க்க வேண்டியது ஓய்வூதியத் திட்டக் குறி. 2014 செப்டம்பர் 1க்குப் பின் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தோடு முதன்முறையாகச் சேர்ந்தவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது; அவருக்கு நிறுவனப் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். தரவு மாற்றத்தில் எல்லோருக்கும் ஒரே குறி விழுந்துவிட்டால், மாதம் 1,250 ரூபாய் தவறான கணக்கில் சேரும்.

மார்ச் 31 கடந்த பின் தெரியவந்தால்

நான்காம் காலாண்டு அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்த பிறகு, வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸில் குறைப்பிடித்தம் என்ற அறிவிப்பு வரலாம். உடனே பணம் கட்ட ஓடாமல், விளக்க அறிக்கையை இறக்கி ஆள்வாரியாகப் பாருங்கள். வரி உண்மையிலேயே பிடிக்கப்பட்டு, பழைய ஆறு மாத விவரம் மட்டும் இரண்டாம் இணைப்பில் விடுபட்டிருந்தால், ஒருங்கிணைந்த கோப்பை இறக்கித் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால் போதும். ஊழியருக்குக் கொடுக்கும் ஆண்டு டிடிஎஸ் சான்றான படிவம் 16இன் இரண்டு பகுதிகளும் அந்தத் தளத்திலிருந்தே வருவதால், திருத்தம் ஏற்கப்பட்ட பிறகு அதை மறுபடி இறக்கி ஊழியரிடம் கொடுக்க வேண்டும். மென்பொருள் தானாக அச்சிடும் தாள் அதற்கு ஈடாகாது.

உண்மையிலேயே பிடிக்காமல் விட்டிருந்தால், மாதத்துக்கு 1 சதவீத வட்டி நிறுவனத்தின் மீது விழும். ஊழியர் அந்தச் சம்பளத்தைக் காட்டித் தம் கணக்கைத் தாக்கல் செய்து முழு வரியையும் கட்டியிருந்தால், பட்டயக் கணக்காளரின் சான்றோடு படிவம் 26ஏ கொடுத்து நிறுவனம் வரிப் பொறுப்பிலிருந்து விடுபடலாம்; அவர் தாக்கல் செய்த நாள் வரையிலான வட்டியை மட்டும் கட்ட வேண்டும். ஆகவே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏப்ரலிலேயே எழுதித் தெரிவித்து, சுயமதிப்பீட்டு வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதை விளக்கிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

மாற்றுவதற்கு முன்பே இதைப் படிப்பவர்களுக்கு

ஏப்ரல் 1 வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். முடியாவிட்டால் அக்டோபர் 1ஐத் தேர்ந்தெடுங்கள். காலாண்டு, தொழில் வரி அரையாண்டு, இஎஸ்ஐ பங்களிப்புக் காலம் மூன்றும் செப்டம்பர் 30இல் ஒன்றாக முடிகின்றன.

மாற்றத்துக்கு முந்தைய மாதத்தை ஒத்திகையாக ஓட்டிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். ஆகஸ்டு முடிய உள்ள தொடக்க இருப்புகளைப் புதிய மென்பொருளின் சோதனைப் பிரதியில் ஏற்றி, செப்டம்பர் சம்பளத்தை அதில் ஓட்டி, பழைய மென்பொருள் உண்மையில் பிடித்த தொகையோடு ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். ஓரிரு ரூபாய் வேறுபாடு முழு எண்ணாக்குவதால் வருவது. அதற்கு மேலான ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். ஒத்துப்போன பிறகு, செப்டம்பர் முடிய உள்ள இருப்புகளை உண்மையான கணக்கில் ஏற்றலாம்.

பழைய மென்பொருளின் உரிமத்தை, அந்த ஆண்டின் படிவம் 16ஐக் கொடுக்க வேண்டிய ஜூன் 15 வரையாவது நீட்டித்து வையுங்கள். அது முடியாத இடத்தில், மாதவாரிச் சம்பளப் பட்டியல், ஒவ்வொருவரின் வரிக் கணக்கீட்டுத் தாள், சம்பளச் சீட்டுகள், செலான் ரசீதுகள், தாக்கல் செய்த எஃப்வியூ கோப்புகள், டோக்கன் எண்கள், ஊழியர்கள் கொடுத்த 12பி, 12பிபி படிவங்கள் ஆகியவற்றை இறக்கி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்த பின்னரே பழைய கணக்கை மூட அனுமதியுங்கள்.